சிவப்பு ரபேலின் வலப்பக்கம்

ரபேல் நாற்காலியை இழுத்து நம்முடைய வலது கைப்பக்கமாகப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அங்கே தூண் இருந்தால் தூணோடு ஒட்டிக்கொள்வார். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், "போஸ், கொஞ்சம் தள்ளிக்கலாமா" என்று கேட்பார். அந்த ஆள் நகரவில்லை என்றால் ரபேல் தே தாரிக் டீயை நின்றபடியே குடித்து முடிப்பார். பிரிக்பீல்ட்ஸ் கடையில் பரிமாறுகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வந்த ஒருவர் மட்டும், இவருக்கு வலது காது கேட்காது போலிருக்கிறது என்று முடிவு செய்து, ஒரு மாதம் கத்திக் கத்தியே ஆர்டர் எடுத்தார். ரபேல் அதைத் திருத்தவில்லை. செவிடன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இருந்தால் சரி.

நமக்குக் காட்டும் பக்கத்தில் ரபேலுக்கு வயது ஐம்பது. கன்னம் வழவழப்பு, கிருதாவில் சாயம், காதுமடல் குழந்தையின் காது மாதிரி. எழுந்துபோய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எழுபத்தைந்து. அங்கே தோல் தடித்து, வரிவரியாகக் கோடு விழுந்து, நெற்றிப்பொட்டிலும் காதின் மேல்விளிம்பிலும் சொரசொரப்பான திட்டுகள் இருக்கும். தொட்டால் உப்புத்தாள். அடையாள அட்டைப்படி அவருக்கு அறுபத்தாறு. அந்த வயது மூக்கின் நடுவில் எங்கோ இருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவைதான். பிரித்தது பேருந்து. பந்திங்கில் குடியிருந்துகொண்டு, பந்திங்குக்கும் கிள்ளானுக்கும் இடையே இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டினார். யாராவது கேட்டால், மேசையில் சீனி டப்பாவை ஒரு மூலையிலும் மிளகாய்ச் சாஸ் போத்தலை இன்னொரு மூலையிலும் வைத்து, நடுவே தன் கைப்பேசியை ஓட்டிக்காட்டுவார்.

"காலையில பந்திங்லேருந்து கிள்ளான். வடக்க போறேன். சூரியன் எங்க? வலது பக்கம். சாயங்காலம் கிள்ளான்லேருந்து பந்திங். தெக்க வரேன். இப்ப எங்க? திரும்பியும் வலது பக்கம். இருவத்தெட்டு வருஷம் லா. நான் திரும்புனா அதுவும் திரும்பும். என் பொண்டாட்டிகூட என்னைய அப்படிப் பாத்ததில்ல."

குளிர்சாதனம் இல்லாத பஸ். ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். வலது முழங்கை வெளியே, வலது காது காற்றில். இடது கன்னம் நிழலிலேயே வளர்ந்த செல்லப்பிள்ளை.

இதெல்லாம் வேறு யாருக்கு நடந்திருந்தாலும் ஒன்றுமில்லை. ஆனால் இவர் சிவப்பு ரபேல். டிப்போவில் இன்னொரு ரபேல் இருந்ததால் அடையாளத்துக்கு வைத்த பெயர் அது. மாநிறத்துக்கு ஒரு படி மேலே போனாலே தமிழில் ஆள் சிவப்பாகிவிடுகிறான். இவர் மூன்று படி மேலே இருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த குடும்பம் அது. அப்பா விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் அந்த நிறம்தான். ஐந்து பிள்ளைகளுக்கும் வக்கீல் இல்லாமலே சமமாகப் பிரிந்தது. பெண் பார்க்கிற இடத்திலும், இண்டர்வியூவிலும், ஒரு முறை போலீஸ் தடுப்பிலும்கூட அது தனக்குக் கைகொடுத்ததாக அவர் நம்புகிறார். போலீஸ் விஷயத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு கிள்ளானுக்குக் குடிவந்து, இப்போது கைப்பேசி ஆப் மூலம் வாடகைக் கார் ஓட்டுகிறார். அங்கேயும் கடவுள் அவர் பக்கம். ஓட்டுநர் இருக்கை வலது. பயணி ஏறுவது இடது. பின்னால் உட்காருகிறவருக்குத் தெரிவது வழவழப்பான கன்னமும் சாயக் கிருதாவும். மதிப்பெண் ஐந்துக்கு நாலு புள்ளி ஒன்பது நாலு. வலப்பக்கத்தைப் பார்ப்பது டோல் சாவடிக் கேமராவும், பழைய சிநேகிதனான சூரியனும்தான்.

விஷயம் வெளியானது தலையணை உறையால். அவருடைய மனைவி டொரத்தி, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையை இருபது வருடம் நடத்தியவர். ஆயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பொய் சொன்னாலும் யார் ரெண்டு கறிபாப் பலகாரம் எடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார். உறையில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டு. மூன்று வாரம் தொடர்ந்து பார்த்தார். நாலாவது வாரம் ரபேலின் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"என்னா இது?"

"பரு லா."

"அறுவத்தாறு வயசுல பரு. சரி. நாளைக்கு ஆஸ்பத்திரி. சட்டைய எடுத்து வைங்க."

அரசாங்க மருத்துவமனையின் தோல் பிரிவில் இருந்தவர் டாக்டர் ஷாமினி என்ற இளம் பெண். பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவியை வைத்து வலது பக்கம் முழுவதையும் பார்த்தார். பிறகு, ரபேல் கேட்காமலே இடது பக்கத்தையும் பார்த்தார். ரபேல் மகிழ்ந்துபோய் கழுத்தை நீட்டிக்கொடுத்தார்.

"அங்கிள், பயப்படாதீங்க. இது கேன்சர் இல்ல. ப்ரீ கேன்சர்."

"ப்ரீயா?"

"ஆமா, ப்ரீ."

ரபேல் மனைவியைப் பார்த்தார். "அஞ்சு வெள்ளி பீஸு கட்டுனமே."

"வாய மூடிட்டுக் கேளுங்க," என்றார் டொரத்தி.

இந்த ஹாஸ்யத்தைத் தான் வேண்டுமென்றே செய்ததாக ரபேல் கடையில் சொல்லிவருகிறார். கேன்சர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதாகவும், இலவசமா என்று நிஜமாகவே கேட்டதாகவும் டொரத்தி சொல்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பயந்த மனிதனின் வாயில் ஹாஸ்யம் தானாக வந்து நிற்கும், எச்சில் மாதிரி.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வெயில் பட்டுப் பட்டுத் தோல் கெட்டிருக்கிறது. ஆறு இடத்தில் திட்டு. எல்லாம் கேன்சராக மாறாது. ஆனால் எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் விட்டுவைக்கக் கூடாது. "நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப அபூர்வம் அங்கிள். வெள்ளைக்காரங்களுக்குத்தான் அதிகமா வரும். உங்க கலருக்கு..."

அதற்கு மேல் ரபேலுக்கு எதுவும் கேட்கவில்லை. முகம் இரண்டு பக்கமும் மலர்ந்தது. அன்று சாயங்காலமே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, வெள்ளைக்காரனுக்கு வருகிற சீக்கு தனக்கு வந்திருப்பதை அறிவித்தார். அவரோடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தம்புசாமி உடனே ஒரு கேள்வி கேட்டார். அதை அச்சில் போட முடியாது. ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒரு வெள்ளைக்காரத் துரை, ரபேலின் முன்னோரில் ஒரு பெண்மணி ஆகிய மூன்றும் அதில் வந்தன என்று மட்டும் சொல்லலாம்.

மருந்து இரண்டு வகை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்று ஐஸ். ஐஸ் என்றால் ஐஸ் கச்சாங் இனிப்பில் போடுகிற ஐஸ் இல்லை, புகை விடுகிற திரவ நைட்ரஜன். திட்டின் மேல் பத்து விநாடி பீய்ச்சுவார்கள். சுரீரென்று வலிக்கும். கொப்புளம் வரும், பொருக்குத் தட்டும், இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும். ஆனால் அந்த இடம் வெளுத்துப் போகலாம். நம் தோலில் அது பளிச்சென்று தெரியும், சில பேருக்கு அப்படியே நின்றுவிடும். இன்னொன்று கிரீம். காலை, மாலை இரண்டு வேளை, நாலு வாரம், வலப்பக்கம் முழுவதும் தடவ வேண்டும். முதல் வாரம் சிவக்கும். பிறகு புண் மாதிரி ஆகும். பிறகு பொருக்கு. பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். நிறுத்திய பிறகு ஆறும்.

ஆக, நாலு வாரச் சிவப்பா, நாள்பட்ட வெள்ளையா?

ஆயுள் முழுக்கச் சிவப்பு என்று பெயர் எடுத்தவருக்குச் சிவப்பில் என்ன பயம் என்று கேட்கலாம். தமிழ் அப்படிப்பட்ட மொழி. சிவப்பு என்று புகழ்ந்தபோது அவர் சிவப்பாக இல்லை. நிஜமாகச் சிவக்கப்போகிறார் என்றதும் புகழ யாரும் இருக்கமாட்டார்கள். வெள்ளை கதையும் அதேதான். வெள்ளைக்காரன் சீக்கு என்றால் பெருமை. வெள்ளைத் திட்டு என்றால் கார் கதவைத் திறந்த பயணி அப்படியே மூடிவிட்டுப் போவார்.

"யோசிச்சு ஒரு வாரத்துல போன் பண்ணுங்க," என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

ரபேல் யோசித்தார். செலாயாங்கிலிருந்து ஏறிய காய்கறி வியாபாரியிடம் கேட்டார். விமான நிலையத்துக்குப் போன மருந்துக் கம்பெனிக்காரரிடம் கேட்டார். பூச்சோங்கில் முடிவெட்டும் ராஜனிடம், துண்டு போர்த்தியபடி, இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். ராஜன், "அண்ணே, ரெண்டுலயும் முடி கொட்டுமா?" என்று திருப்பிக் கேட்டார். தொழில் அக்கறை.

தம்புசாமியிடம் ஒரு தத்துவமே இருந்தது. "வெயில்ல வந்தது என்னா? சூடு. சூட்டுக்கு ஐஸ் வைப்பியா, எரியிற மருந்தத் தடவுவியா? டாக்டருக்குப் படிச்சிருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்காது. நான் படிக்கல, அதனால தெரியுது."

அப்போதுதான் ரபேல், தன் விருப்பத்துக்கே விரோதமாக, ஒரு நல்ல விளக்கத்தைச் சொன்னார். "அப்படி இல்லடா. ஐஸு எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. நேரா போவும், கண்ணுக்குத் தெரியிற ஆள ஏத்திக்கும், முடிஞ்சிச்சி. கிரீமு நம்ம பழைய பஸ். எல்லா ஸ்டாப்புலயும் நிக்கும். செம்பனை மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற ஆளுகூட வெளிய வந்து ஏறிக்குவான். வெளிய தெரியாத திட்டு உள்ள இருக்காம் இல்ல, அதையும் புடிக்குமாம்."

"அப்ப நீ எதுல ஏறுற?"

"நான் இன்னும் ஸ்டாப்புலதான் நிக்கிறேன்."

நின்றார். இந்த நாட்டில் எதையும் தள்ளிப்போட நினைப்பவனுக்கு நாட்காட்டியே உதவி செய்கிறது. தைப்பூசம் முடியட்டும், பத்துமலைக்கு நிறைய சவாரி என்றார். சீனப் பெருநாள் முடியட்டும், எல்லோர் வீட்டுக்கும் போகவேண்டும் என்றார். தவக்காலம் வந்தது. தவக்காலத்தில் முகத்துக்கு எதையாவது பூசிக்கொண்டு திரிவது சரியில்லை என்றார்.

"அழகாவறதுக்குப் பூசுனாத்தான் தப்பு. இது அசிங்கமாவறதுக்கு. ஆண்டவருக்கு ரொம்பப் புடிக்கும்," என்றார் டொரத்தி.

ரபேல் அடுத்த பண்டிகைக்குத் தாவினார். நோன்புப் பெருநாள் முடியட்டும் என்றார். ஈஸ்டர் முடியட்டும் என்றார். ஈஸ்டர் முடிந்ததும் புதிதாக ஒன்று முளைத்தது. அவருடைய அக்கா பிலோமினாவின் மகள் ஆட்ரிக்குப் பூச்சோங்கில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் மேடையில் நிற்க வேண்டும். போட்டோ.

டொரத்தி அன்று சோற்றைப் போட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் பேசினார். டொரத்தி நல்ல கறுப்பு. அதைச் சுற்றி வளைக்காமல் அவரே சொல்வார். "முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்ன ஒங்கம்மா என்னையப் பாக்க வந்தாங்க. பொண்ணு நல்ல பொண்ணுதான், கலருதான் கொஞ்சம் பத்தலன்னாங்க. கொஞ்சம் பத்தலயாம். என்னமோ கொழம்புல உப்பு மாதிரி. நீங்க பக்கத்துல ஒக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருந்தீங்க. இப்ப அந்தப் பத்தாத கலருக்கு ஒன்னும் வரல. பத்துன கலருக்குக் கேன்சர் வரப் பாக்குது. இதுலயும் போட்டோதான் பெருசுன்னா சொல்லிடுங்க. நல்ல போட்டோவா ஒன்னு எடுத்து வச்சுக்கறேன். பேப்பர்ல போட ஆவும்."

ரபேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாலு மாதத்தில் ஆறு திட்டு ஒன்பது ஆகியிருந்தது. காதின் மேல்விளிம்பில் இருந்தது தடித்து, சின்னக் கொம்பு மாதிரி எழும்பியிருந்தது. டாக்டர் ஷாமினி அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"அங்கிள், ஒங்களுக்குக் காது வேணுமா, போட்டோ வேணுமா?"

"ரெண்டும் கெடைக்காதா டாக்டர்?"

"காதுல இருக்கிற தடிச்சதுக்கு ஐஸ், இப்பவே. முகம் முழுக்கக் கிரீம், நாளையிலேருந்து. காது ஆறுனதும் வந்து காட்டணும். அது கரையலன்னா வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவேன். நாலு வாரம் பகல்ல கார் ஓட்டாதீங்க. கிரீம பாதியில நிறுத்துனா பாதிதான் போவும், திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

நாலு மாதம் ஊரெல்லாம் கேட்டு ஒப்பிட்ட இரண்டு வைத்தியமும் கடைசியில் சேர்ந்தே வந்தன. தம்புசாமிக்கு இதில் பெரிய ஏமாற்றம்.

நைட்ரஜன் ஒரு சின்னக் குடுவையில் வந்தது. மூடியோரத்தில் வெள்ளைப் புகை. வீட்டுக்குக் கோப்பி தாப்பாவ் பண்ணி எடுத்துப்போகிற பிளாஸ்க் மாதிரியே இருக்கிறது என்றார் ரபேல். யாரும் சிரிக்கவில்லை. பீய்ச்சும்போது அவர் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். மூன்றுக்குப் பிறகு எண்கள் வரவில்லை. சேசுவே என்பது மட்டும் வந்தது. எழுந்தபோது கண்ணில் நீர். "குளுருல லா," என்றார்.

கிரீம் முதல் நான்கு நாள் ஒன்றும் செய்யவில்லை. மருந்து போலி என்று ரபேல் அறிவித்தார். ஐந்தாம் நாள் நெற்றிப்பொட்டு சிவந்தது. பத்தாம் நாள், அதுவரை யாரும் பார்த்திராத இடங்களெல்லாம், தாடையோரம், கன்ன எலும்பு, புருவத்துக்கு மேலே, சிவந்து கிளம்பின. செம்பனைக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றிருந்தார்கள் என்று அவருக்கே தெரியாது. எண்ணிப் பார்த்தார். பதினேழு. அன்று முதல் போலி என்ற பேச்சு நின்றது. காலையும் மாலையும் ஏழு மணிக்கு டொரத்தி கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் கிரீமை எடுத்து, கண்ணுக்கும் உதட்டுக்கும் படாமல், கேக்குக்கு ஐசிங் வைக்கிறவர் மாதிரி தடவினார். இடது கன்னம் வழக்கம் போல வேடிக்கை பார்த்தது.

பதினெட்டாம் நாள் நிச்சயதார்த்தம். அன்று காலை மணி ஏழுக்கு ரபேல் குளியலறையில் இருந்தார். ஏழரைக்கும் இருந்தார். எட்டுக்கு வெளியே வந்து, நேரமாகிவிட்டது, ஒரு வேளை மருந்து தப்பினால் பரவாயில்லை என்றார். டொரத்தி கிரீம் குழாயையும் கையுறையையும் பஞ்சுக் குச்சிகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

பூச்சோங் மண்டபத்தில், கடைச் சிநேகிதம் என்ற முறையில், நானும் இருந்தேன். ரபேல் உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன இடைவெளி அவரைச் சுற்றி உருவாகி, அவரோடு கூடவே நகர்ந்தது. கைகுலுக்க வந்த ஒருவர் பாதியில் கையைக் கூப்பிக்கொண்டார். அக்கா பிலோமினா, நகைக்கும் நிறத்துக்கும் ஒரே அளவு கவனம் செலுத்தி அலங்கரித்திருந்தவர், ஓடிவந்து ஓரடி தூரத்தில் நின்றார்.

"ஐயோ தம்பி, என்னாடா இது. நம்ம கலரே போச்சேடா."

"சிவப்பாத்தான்கா இருக்கேன்," என்றார் ரபேல்.

"வெளாடாத. ரெண்டு வாரத்துக்கு மேல போட்டாச்சி இல்ல, போதும்டா. இன்னையோட நிறுத்து. பாலன்கிட்ட பவுடர் இருக்கு, கொஞ்சம் அப்பி விடச் சொல்றேன். போட்டோ வாழ்நாள் முழுக்க இருக்கும்டா."

பாலன் என்பவர் மணமக்களுக்கு ஒப்பனை செய்ய வந்தவர். அவர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து, ரபேலின் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்தார். "ஆன்டி, இதுக்கு மேல எதுவும் நிக்காது," என்று மெல்லச் சொன்னார்.

"அப்ப இந்தப் பக்கமா திரும்பி நிக்கட்டும். ஒன் எடப்பக்கத்தக் காட்டுடா. மருந்து வேணாம்."

ரபேல் தலையை ஆட்டினார். அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போட்டோகிராபர் ஒலிபெருக்கியில் தாய்மாமனைக் கூப்பிட்டார். ஆட்ரி மேடையிலிருந்து கையை ஆட்டினாள். ரபேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; காலை வேளை மருந்து இன்னும் பாக்கி. கை ஒரு முறை காதுக்குப் போனது, தொடாமல் இறங்கியது.

மேடைக்குப் போகாமல், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அது மண்டபத்தின் வாசலை ஒட்டிய இடம். வருகிறவர், போகிறவர், பந்திக்கு எழுந்தவர் எல்லோரும் கடந்துபோகும் வழி. மேலே நீளமான டியூப் லைட். இரண்டாவது முறையும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

டொரத்தி கையுறையை மாட்டிக்கொண்டு முன்னே வந்து நின்றார். ரபேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். முகத்தை நன்றாக வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, வலது கன்னத்தை நீட்டினார்.